ஏலக்காரர் ஜைனுதீனின் எழுபத்தைந்து நாட்கள்

கட்டுமாவடி மீன் ஏலக்கூடத்தில், ஏலம் கூறுகிறவர் வாயை மூடினால் ஏலம் முடிந்தது. ஒரு தரம், இரண்டு தரம் என்பதெல்லாம் அங்கே கிடையாது. கூறுகிறவர் விலையை ஒரே ஓட்டமாக ஏற்றிக்கொண்டு போவார். அவர் குரல் எப்போது நிற்கிறதோ, அப்போது கடைசியாகத் தலையசைத்த வியாபாரிக்கு மீன். ஜைனுதீன் இருபத்தாறு வருடம் அங்கே ஏலம் கூறியவர். ஒரு கூடைக்கு இரண்டு நிமிடம் வரை குரல் அறாமல் கூறுவார். நடுவில் மூச்சு வாங்கத்தான் செய்திருப்பார்; யாருக்கும் தெரிந்ததில்லை.

மீன்வளத்துறைக்காக அந்தக் கூடத்தில் பதினெட்டு வருடம் மீன் வரத்து எழுதியிருக்கிறேன். இப்போது அவர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஆகவே கீழே வரும் தேதிகளும் எண்களும் கேள்விப்பட்டவை அல்ல.

2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை, காலை 5.50. ஜெகதாப்பட்டினத்திலிருந்து சேவுகன் படகின் சீலா மீன் ஆறு கூடை வந்திருந்தது. சேவுகன் பேச்சில் சுத்தம் பார்க்காதவர், மீனில் பார்ப்பவர். மூன்றாவது கூடையைக் கூறிக்கொண்டிருந்தபோது ஜைனுதீனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உதடு மரத்தது. இடது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது. இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை. இந்த நிமிடம் சாகப் போகிறோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. குரல் நின்றது.

ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் வெளுத்துப்போய்த் தூணைப் பிடிப்பதைக் கூடமே பார்த்தது. பார்த்தபடியே ஒரு வியாபாரி, “முடிஞ்சது, எனக்கு” என்று கூடையை இழுத்தார். பாதி விலைகூட ஏறியிருக்கவில்லை.

“யோவ் பாய், வாயத் தொறய்யா! எம் மீனு போகுதுய்யா!” என்று சேவுகன் கத்தினார்.

ஜைனுதீன் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதி மூன்று கூடையும் அந்தக் குழப்பத்தில் அதே விலைக்குப் போயின. அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் ஒருவர். மீனைத் தூக்கியவர்கள் நான்கு பேர். இந்த விகிதத்தை நான் மறக்கப் போவதில்லை.

அன்று எடுத்த ஈசிஜியில் குற்றமில்லை. மறுநாள் அறந்தாங்கியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியிலும் எக்கோவிலும் குற்றமில்லை. ஏப்ரல் 14க்குள் மொத்தம் ஐந்து ஈசிஜி. ஐந்தும் ஒன்றுபோல். ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் சோதனையை மட்டும் அவருடைய மைத்துனர் இக்பால் எடுக்கவிடவில்லை. “நெஞ்சு வலிக்காரர ஓடச் சொல்லுவாங்களாம்ல. இவங்கள்லாம் டாக்டரா, கசாப்புக்காரனா?” என்று வராந்தாவில் நின்று கேட்டார். நாலு பேர் தலையாட்டினார்கள். நம்மூரில் எந்த முட்டாள்தனத்துக்கும் தலையாட்ட நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

இக்பால் கெட்டவர் அல்ல. அதுதான் எரிச்சல். அக்காள் சம்சுன் நிஹார்மீது உயிர். அக்காள் புருஷனை அசையவிடக் கூடாது என்று அவரே தீர்மானித்தார். ஜைனுதீனின் கட்டிலிலிருந்து கழிவறை பதினான்கு அடி. அந்தப் பதினான்கு அடியும் நடக்க வேண்டாம் என்று கட்டிலுக்கடியில் மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள். எல்லாம் சரியாக உள்ள, எண்பத்தேழு கிலோ எடையுள்ள ஓர் ஆண், படுக்கையறையில் வாளியில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்குள் நுழையும்போது எனக்குக் குமட்டியது. வாளியினால் மட்டுமல்ல.

அதற்கு மேல் பார்க்க வந்தவர்கள். நோயாளியை விசாரித்து, துஆ செய்து, சீக்கிரம் கிளம்புவதுதான் முறை என்று ஜும்மாவில் இமாம் சொன்னதை அவர்கள் எல்லோரும் கேட்டவர்கள். பதினொரு நாளில் அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். எவரும் முக்கால் மணிக்குக் குறைந்து உட்காரவில்லை. ஆளுக்கொரு கிலோ ஆப்பிள். அது அலமாரியில் அழுகி வழிந்தது. அதைவிட மோசம் அவர்கள் பேச்சு.

“எங்க சின்ன மச்சானுக்கும் இதேதான். ஈசிஜி நல்லாருக்குன்னு அனுப்பிச்சாங்க. சாயங்காலம் டீ குடிச்சுட்டு இருந்தவரு, கிளாஸக் கீழ வைக்கல.”

“அல்லாவே! எத்தன வயசு?”

“நம்ம ஜைனு வயசுதான்.”

இதைச் சொல்லிவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொள்வார்கள்.

ஜைனுதீனையும் நான் விட்டுவிடப் போவதில்லை. விரலில் மாட்டி நாடித்துடிப்பு காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஏப்ரல் 20 அன்று நான் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் பதினேழு முறை மாட்டிப் பார்த்தார். பிரியாணி சாப்பிடும்போதுகூட இடது கை விரலில் அது சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டு என்று காட்டினால் முகம் தெளியும். தொண்ணூற்றாறு என்றால் சோற்றுக் கையோடு படுத்துவிடுவார். படுத்ததும் அது நூற்றுப் பத்தாகும். “பாத்தீங்களா சார், ஏறுது” என்பார். பார்ப்பதால்தான் ஏறுகிறது என்று சொன்னேன். இக்பால் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். ஏலத்தை நடத்தும் கமிஷன் கடை முதலாளி குணசேகரன், கூடத்தில் எடைபோடும் பாசித்தை அந்தக் கொஞ்சத்துக்கு ஏலம் கூற நிறுத்தியிருந்தார். தடை முடிந்து முதல் மீன் வரும் நாளில் யார் கூறுகிறாரோ, அவர்தான் அடுத்த வருடம் முழுவதும். ஜைனுதீனுக்குக் கையில் இருந்த நாட்கள் அவ்வளவுதான். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. மகள் ரூமானா கல்லூரியில் இரண்டாம் வருடம்.

ஏப்ரல் 29, செவ்வாய். இக்பால் மீமிசலில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாள். சம்சுன் நிஹார் மருத்துவத் தாள்களை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்து, “புதுக்கோட்ட பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். இக்பாலுக்குத் தெரிய வேணாம். அங்க மனசு டாக்டருட்ட காமிக்கணும்னு அறந்தாங்கி டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. பைத்தியம்னு பேராயிருமேன்னு இவன் மறைச்சு வச்சுட்டான்” என்றார். அந்தச் சீட்டின் தேதி ஏப்ரல் 5. இருபத்து நான்கு நாள் ஒரு சட்டைப்பைக்குள் கிடந்திருக்கிறது.

டாக்டர் பெயர் இலக்கியா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதலில் இதயப் பிரிவுக்கு அனுப்பி, டிரெட்மில் சோதனை எடுத்துத் தாள் வந்த பிறகே பேச ஆரம்பித்தார். அதிலும் குற்றமில்லை.

“ஒங்க இதயத்துக்கு ஒண்ணும் இல்ல. இப்பக்கூட ஒம்பது நிமிசம் ஓடியிருக்கீங்க. பயந்தீங்களா?”

“இல்லம்மா. ஒயரு மாட்டியிருந்துச்சு, டாக்டர் பக்கத்துல நின்னாரு.”

“அப்ப ஒயரு இல்லாம ரெண்டாவது மாடி வரைக்கும் ஏறுவோமா? நானும் வாரேன்.”

“டாக்டரம்மா, ஏறும்போது செத்துட்டா?”

“செத்தா மார்ச்சுவரி பின்னாடிதான், தூரமில்ல. ஏறுங்க.”

நாற்பத்து நான்கு படி. முப்பதாவது படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கக் கூடாது என்றார் டாக்டர். மேலே போய்ச் சேர்ந்தபோது ஜைனுதீனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“அதேதாம்மா. கூடத்துல வந்தது அப்படியே. இதே அடி. இதே மூச்சு.”

“பயம்?”

அவர் யோசித்தார். “கொறைச்சலா இருக்கு.”

“ஏன்?”

“மாடி ஏறுனதால அடிக்குதுன்னு தெரியுதுல்ல.”

“அவ்வளவுதான் விசயம்” என்றார் டாக்டர். படியிலேயே உட்கார்ந்து சொன்னார். இதயம், நுரையீரல், குடல், தசை எல்லாம் நரம்பு வழியாக ஓயாமல் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. வேகமாக அடிக்கிறது, மூச்சு குறைகிறது என்ற அளவுக்குத்தான் அந்தத் தகவல். ஏன் என்பதை மூளைதான் முடிவு செய்ய வேண்டும். பயத்தில் பழகிய மூளை ஒவ்வொரு முறையும் ஆபத்து என்றே முடிவு செய்கிறது. உடனே உடம்புக்கு எச்சரிக்கை விடுகிறது. அதனால் இதயம் இன்னும் அடிக்கிறது. அந்த அடி மறுபடி மூளைக்குப் போகிறது. படுத்தே கிடந்தால் மூளைக்கு வேறு பாடம் கிடைக்காது. பதினான்கு அடி நடந்தாலே துடிக்கும் அளவுக்கு உடம்பும் தளர்ந்துவிடும்.

“அதனால நீங்களே வேணும்னு அடிக்க வைக்கணும். வேகமா நடங்க. பேச்சு தடுமாறுற அளவுக்கு. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டம். வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம். அடிக்கும், நீங்க சாக மாட்டீங்க, தானா எறங்கும். நூறு தடவ பாத்தா மூளை நம்பும். நாலஞ்சு வாரமாவது ஆகும். பத்து நாள்ல மந்திரம் நடக்காது. ஒரு மாத்திரையும் தாரேன், நிறுத்தாம போடுங்க. அந்த விரல் மிஷினைக் குடுங்க இங்கிட்டு.”

ஜைனுதீன் கருவியைக் கழற்றிக் கொடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பிறகு சொன்னார்: “நான் மூச்சு வாங்குனத முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டான்ல அந்த ஆளு, அதே மாதிரிதான் எம் மூளையும் எடுத்துக்கிருச்சு போல.”

ஏப்ரல் 30 முதல் கடற்கரையில் நடந்தார். ஈரமணலில், கூடத்தின் பின்புறத்திலிருந்து தெற்கே. நான் ஒரு படகில் சாய்ந்து நேரம் பார்ப்பேன். முதல் நாள் ஆறு நிமிடத்தில் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் பதினேழு நிமிடம். ஏழாம் நாள் அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்: வேகமாக நடந்துகொண்டே ஏலம் கூறுவது. மூச்சு இரைக்க இரைக்க, “ஐநூறு, ஐநூத்தம்பது, அறுநூறு” என்று மீனே இல்லாத மணலில் கூறிக்கொண்டு போவார்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

“யாருப்பா அது, கடல ஏலம் விடுறது?”

“பாய், அந்த அலைய நான் எடுத்துக்கிறேன். ஐஸ் போட்டுக் குடுங்க!”

“தொப்ப தனியா, ஆள் தனியாவா? ஒரே கூடையா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் காது மட்டும் சிவந்தது.

மே 10, சனிக்கிழமை. அன்று முதன்முதலாக ஓடினார். நூற்றிருபது தப்படி இருக்கும். கரைமேல் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இக்பாலும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி ஓடிவந்தார்கள். “மச்சான், நில்லுங்க! யாரு ஒங்கள ஓடச் சொன்னது?” என்று அலறிக்கொண்டே வந்து, ஓடிக்கொண்டிருந்தவரை இடுப்பில் பிடித்து, ஆளுக்கொரு காலாகத் தூக்கினார்கள். ஓடியதால் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அதில் கையை வைத்துப் பார்த்த ஒருவர், “அய்யய்யோ, எப்படி அடிக்குது பாருங்க!” என்றார். ஓடினால் அடிக்காமல் வேறென்ன செய்யும் என்று நான் கத்தியதை எவரும் கேட்கவில்லை. தலையில் சோடாவை ஊற்றினார்கள். ஆட்டோவில் திணித்தார்கள். ஆறாவது ஈசிஜி. குற்றமில்லை.

ஆனால் தூக்கிய கைகளின் பதற்றம் அவருக்குள் போய்விட்டது. மறுபடி கட்டில். மறுபடி வாளி. ஆட்டு நுரையீரல் சூப் என்று ஒன்றை இக்பால் இரண்டு வேளை கொண்டுவந்தார். மேலே சாம்பல் நிறத்தில் நுரை மிதக்கும். கையில் ஒரு தாயத்தும் ஏறியது. பதினொரு நாள் நடந்து சேர்த்ததை ஏழு நாளில் படுத்துக் கரைத்தார். பார்க்கவே பிடிக்காமல் நான் போவதை நிறுத்திக்கொண்டேன். அது என் தவறு என்று பிறகு எழுதி வைத்திருக்கிறேன்.

மே 17, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குணசேகரன் வந்து அவரைப் பார்த்திருக்கிறார். இது ரூமானா சொன்னது. அவரும் ஆப்பிள்தான்.

“நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க பாய். சீசனுக்குப் பாசித்தையே நிறுத்திரலாம்னு இருக்கேன். ஒங்களுக்கு ஏதாவது சீட்டு எழுதுற வேலை, உக்காந்த எடத்துல.”

“எனக்கு எழுத வராதுங்க மொதலாளி.”

“அப்ப வீட்டுல இருங்க. ஒடம்புதான் முக்கியம்.”

அவர் போன பிறகு ஜைனுதீன் எழுந்து, கட்டிலுக்கடியிலிருந்து வாளியை இழுத்து, தானே கழிவறைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். கழுவும்போது ஓங்கரித்து வாந்தி எடுத்திருக்கிறார். ரூமானா ஓடிப்போய், “அத்தா, நான் செய்றேன், நீங்க படுங்க” என்றதற்கு, “போ அங்கிட்டு. ஒரு மாசமா ஒங்கம்மா இத மோந்துருக்கா. நான் ஒரு நாள் மோந்துக்கிறேன்” என்றாராம். மாலை நாலரைக்கு என் வீட்டு வாசலில் நின்றார். கைலிக்குப் பதில் பழைய பேன்ட், இடுப்பில் கயிறு.

“சார், நேரம் பாக்க வாரீங்களா?”

இம்முறை இக்பாலைச் சம்சுன் நிஹார் பார்த்துக்கொண்டார். “அவரு ஓடி மௌத்தானா நான் அழுதுக்கிறேன். நீ புடிக்கப் போன, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத” என்று தம்பியிடம் சொன்னார். தெருவே கேட்டது.

மே 17 முதல் ஜூன் 16 வரை முப்பத்தோரு நாள். ஐந்து நாள் விடுமுறை, அதில் ஒன்று பக்ரீத். மீதி இருபத்தாறு நாளும் ஓடினார். நாடியை நான் எண்ணினேன். எண்ணிக்கையை அவரிடம் சொல்லவில்லை. ஓடி நின்றதும் நாடி நூற்று முப்பத்தைந்துக்கு மேல்தான் எப்போதும். ஆனால் அது நூறுக்கு இறங்க மே 18 அன்று பதினொரு நிமிடம் ஆனது. ஜூன் 14 அன்று மூன்றே முக்கால் நிமிடம். முதல் வாரத்தில் நான்கு முறை நடுவில் பயம் வந்து மணலில் உட்கார்ந்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு முறை வந்தது. உட்காரவில்லை, “வந்துருச்சு சார், வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். தூக்கம் திரும்பியது. எடை மூன்று கிலோ குறைந்தது. முழுதாகக் குணமாகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. தடை முடிந்து முதல் மீன். கூடத்தில் நிற்க இடமில்லை. குணசேகரன் முகம் கொடுக்காமல், “வந்துட்டீங்க. சரி, ஒரே ஒரு கூடை கூறுங்க பாய், மரியாதைக்கு. மத்தது பாசித்” என்றார். கிடைத்த கூடை சேவுகனுடைய நண்டு. சேவுகன் தலையில் கையை வைத்தார். “எங்கிட்டு சுத்துனாலும் எந் தலைலதான் விடியணுமா?”

ஜைனுதீன் ஆரம்பித்தார். இருபது நொடி குரல் பழைய குரல். பிறகு வியாபாரிகள் ஒவ்வொருவராகத் தலையசைப்பதை நிறுத்தினார்கள். நண்டைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தார்கள். எப்போது நிற்கும் என்று. முப்பது பேர், சாகிற மாட்டைச் சுற்றிய காகங்கள்போல. பதினெட்டு வருடம் இவர்களுக்கு நடுவிலா நின்றேன் என்று இருந்தது.

ஜைனுதீன் நெற்றியில் வேர்வை திரண்டது. வலது கை சட்டையைப் பற்றியது. உதடு வெளுத்தது. குரல் நின்றது.

“முடிஞ்சது!” ஏப்ரலில் மீன் எடுத்த அதே வியாபாரி. கூடையில் கை வைத்துவிட்டார்.

“முடியல.” ஜைனுதீன் சொன்னார். இரைத்துக்கொண்டே சொன்னார். “கைய எடுங்க. மூச்சு வாங்குறேன்.”

“வாய மூடுனா முடிஞ்சதுதான் பாய். இந்தக் கூடத்து வழக்கம்.”

“வாய எங்க மூடுனேன்? தொறந்துதான இருக்கு, பாருங்க.” நிஜமாகவே திறந்துதான் இருந்தது; கரையில் போட்ட மீன்போல. சிலர் சிரித்தார்கள். “மனுசன் மூச்சு வாங்குவான். நெஞ்சு அடிக்குது, அடிக்கட்டும். நான் முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் முடியல. எண்ணூத்தம்பது, யாரு? எண்ணூத்தம்பது!”

கூச்சல் எழுந்தது. இது புது வழக்கம், ஒப்ப முடியாது என்றார்கள். சேவுகன் கூடைக்கும் வியாபாரிக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் சொன்னதில் அச்சில் ஏற்றக்கூடியது இவ்வளவுதான்: “எந் நண்டுய்யா. அவரு மூச்சு வாங்கட்டும், ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டும், ஒனக்கென்ன?”

ஏலம் தொடர்ந்தது. நடுவில் இன்னும் இரண்டு முறை ஜைனுதீன் நின்று, எல்லோரும் பார்க்க மூச்சை இழுத்துக்கொண்டு, தொடர்ந்தார். கடைசியில் “முடிஞ்சது” என்று அவரே வாயால் சொன்னார். அன்று காலை நண்டுக்குக் கிடைத்த விலைகளில் அது இரண்டாவது அதிகம். குணசேகரன் மோவாயைச் சொறிந்தார். “எறா பாசித்துக்கு. மீனும் நண்டும் நீங்க. வியாழக்கிழம அஞ்சு மணிக்கு வந்துருங்க” என்றார். பாதி வேலைதான். கையை நீட்டி வாங்கிக்கொண்டார் ஜைனுதீன்.

டீக்கடையில் இக்பால் அப்போதே ஆரம்பித்துவிட்டார்: “ஏழு நாள் அசைய விடாம ரெஸ்ட்ல போட்டு, நுரையீரல் சூப்பு குடுத்தோம்ல. அதான் மூச்சு புடிச்சுருச்சு. அந்தத் தாயத்தும் சும்மா இல்ல.” நாலு பேர் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினேன்.

விசைப்படகு மீன் வாரத்துக்கு மூன்று நாள்தான் வரும்; ஜூன் 17 முதல் டிசம்பர் 31 வரை ஜைனுதீன் எழுபத்து மூன்று நாள் ஏலம் கூறியிருக்கிறார். அதில் இரண்டு நாள், ஆகஸ்ட் 12, அக்டோபர் 30, கூறும்போதே அந்தப் பயம் முழுதாக வந்தது. இரண்டு நாளும் நின்றபடியே கூறி முடித்தார். சாயங்காலம் வழக்கம்போல் ஓடினார்.